ஆடியில் பால் காய்ச்சியவர்

உங்கள் அம்மா விளக்கிய பாத்திரத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம். ஆனால் சமையலறை மேல்தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அந்த எவர்சில்வர் பால் சட்டியை மட்டும் அவள் தேய்ப்பதில்லை. உள்ளே, அடியில், உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பு ஏறிக் கிடக்கிறது. புளி போட்டால் போய்விடும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தீபாவளிக்கு எல்லாப் பாத்திரமும் இறங்கும், இதுவும் இறங்கும், தண்ணீரில் அலசித் துடைத்து மறுபடி மேலே போய்விடும். சின்ன வயதில் நீங்கள் இரண்டு பேரும் ஏன் என்று கேட்டீர்கள். "அது உங்க பெரியப்பா சட்டி" என்று மட்டும் அவள் சொன்னாள். மீதியை நான் எழுதிவைக்கிறேன். உங்களுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், எனக்கும் எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. மெதுவாகப் படியுங்கள்.

தாராவியில் நாம் இருந்த ரூம் உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. உங்களில் இளையவனான தம்பி அப்போது பாலர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். கீழே ஒரு அறை, ஏணி வைத்து ஏறினால் மேலே ஒரு தட்டு. அந்த ஒரே அறையில் நாம் நான்கு பேரும், என் அண்ணனும். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஊரிலிருந்து பம்பாய்க்கு முதலில் வந்தது அவர்தான். எங்களையெல்லாம் கூட்டி வந்ததும், என்னைக் குர்லா பட்டறையில் ஃபிட்டர் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான். பை தைக்கும் பட்டறையில் தோல் வெட்டுபவர். கத்தியை எடுத்தால் பேச மாட்டார். தோலைத் தடவித் தடவிப் பார்ப்பார், வெயிலில் தூக்கிப் பார்ப்பார், அப்புறம்தான் கத்தி இறங்கும். "வெட்டுன தோல ஒட்ட முடியாதுல" என்பது அவர் வாய்ப்பாடு. தோலுக்கு மட்டுமில்லை, சினிமாவுக்குப் போவதென்றாலும் அதே வாய்ப்பாடுதான். வீட்டில் எந்த முடிவும் அவர் தடவிப் பார்த்த பிறகுதான்.

அந்த வருஷம் பக்கத்து ரூம்காரர் தன் ரூமை இடித்துவிட்டு மாடி கட்ட அஸ்திவாரம் தோண்டினார். அங்கே ரெண்டு ரூமுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவர் பக்கம் பள்ளம் விழுந்ததும் நம் சுவருக்குக் காலடி இல்லாமல் போயிற்று. மழை பிடித்துக்கொண்டது. பள்ளம் குளமாக நின்றது. ஒருநாள் சாமி படத்துக்குப் பக்கத்தில் மயிரிழைபோல ஒரு கீறல் தெரிந்தது. பட்டறையில் இரும்பில் கீறல் விட்டால் அது நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்ப்போம். அதே புத்தியில் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, சோற்றுப் பருக்கையால் கீறலுக்குக் குறுக்கே ஒட்டிவைத்தேன். சுவர் நகர்ந்தால் தாள் கிழியும்.

அதற்கு முன்பே செம்பூரில் ஒரு வீடு பேசியிருந்தோம். ஒரு அறை, சமையலறை, உள்ளேயே குழாய். அம்மா அந்தக் குழாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தாள். ஆனால் அங்கே இருந்தவர்கள் காலி செய்ய இழுத்தடித்ததில் ஆனி முழுவதும் போய்விட்டது. சாவி நம் கைக்கு வந்த அன்று ஆடி பிறந்திருந்தது.

"ஆடியில ஆராச்சும் குடி போவாங்களா? ஆவணி பொறக்கட்டும்" என்றார் அண்ணன்.

"அண்ணே, செவரு பஞ்சாங்கம் பாக்குமா?"

"அது பாக்காது. நாமதான் பாக்கணும். வெட்டுன தோல..."

"ஒட்ட முடியாது" என்று நானே முடித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சாவியை வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். தினமும் மழை. தினமும் வேலைக்குப் போகும்முன் நான் அந்தத் தாளைப் பார்ப்பேன், வந்ததும் பார்ப்பேன். தூங்கும்போது உங்களைக் கதவோரம் படுக்கச் சொல்லிவிட்டு அண்ணன் சுவரோரம் படுத்துக்கொண்டார். காற்று வேணும் என்று காரணம் சொன்னார். சுவரோரம் ஏது காற்று? அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. அம்மா அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். பேசினாலும் தட்டை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத்தான். ஒருநாள் சொல்லியேவிட்டாள்: "ஆவணியில மேளதாளத்தோட போவோம் அத்தான். போறதுக்கு நாம இருக்கணும்லா." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

நான் அவரிடம் ஈரமண்ணைப் பற்றிப் பேசினேன், பாரத்தைப் பற்றிப் பேசினேன், செங்கல்லைப் பற்றிப் பேசினேன். எல்லாம் சரியான பேச்சுதான். ஆனால் அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. பெரியவர்களுக்குப் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டோம். பயமும் வெளியே வரும்போது பிடிவாதத்தின் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வரும் என்று அப்புறம்தான் புரிந்தது.

ஒரு காலையில் எழுந்தபோது தாள் குறுக்கே கிழிந்திருந்தது. அதைத் தொடப்போகும்போதே மேலேயிருந்து ஒரு பாளம் பூச்சு பெயர்ந்து விழுந்தது. விழுந்த இடத்தில் தம்பியின் புத்தகப்பை இருந்தது. பை மட்டும்தான். அம்மா ஓடிவந்து உங்கள் இரண்டு பேரையும் வெளியே சந்தில் நிறுத்தினாள், மழையிலேயே. "நான் பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு இன்னைக்கே போறேன். அண்ணனும் தம்பியும் ஆடி முடிஞ்சு வாங்க" என்றாள். அண்ணன் கிழிந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பாதியில் ஓர் எழுத்தும் இந்தப் பாதியில் ஓர் எழுத்துமாக ஆடி என்ற சொல் பிரிந்து நின்றது.

டெம்போ பேச நான் போனேன். திரும்பி வந்தால் அண்ணனைக் காணோம். குடையைக் காணோம். சாமி படத்துக்குப் பின்னால் ஆணி வெறுமனே இருந்தது. சாவியும் இல்லை.

அப்போது எங்களுக்கு என்ன தோன்றும்? போகவிடக் கூடாது என்று சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் தோன்றியது. போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவருடைய பட்டறைக்கு ஓடினேன், வரவில்லை என்றார்கள். சந்தில் கணுக்காலுக்குத் தண்ணீர். டெம்போக்காரன் "ஜல்தி கரோ பாய்" என்று அவசரப்படுத்தி ஹாரன் அடிக்கிறான். அம்மா உங்களுக்குப் பால் காய்ச்சிக் கொடுக்கலாமென்று சட்டியைத் தேடினாள், அதுவும் அகப்படவில்லை. எந்த மூட்டையில் கட்டினோமோ என்று அவளுக்கு ஆத்திரம் வேறு. அந்த ஆத்திரத்தில், நான்கு பேர் கேட்க, "சாவிய ஒளிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க உங்க அண்ணன். பெத்திருந்தாத் தெரியும்" என்று சொல்லிவிட்டாள். சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காததுபோல எல்லோரும் மூட்டை தூக்கினார்கள்.

சாவி இல்லாவிட்டால் என்ன, பூட்டை உடைத்துக்கொள்ளலாம் என்று என் பட்டறைச் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு டெம்போவில் ஏறினேன். நீங்கள் அம்மா மடியில். சயான் பக்கம் தண்ணீர் தேங்கி வண்டி நின்று நின்று போயிற்று.  பூட்டை உடைப்பது பெரிய காரியமில்லை. அண்ணன் பூட்டி வைத்த கதவைத் தம்பி உடைத்து நுழைந்தால் அதற்கப்புறம் அந்த வீட்டில் அவரோடு எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது? அதுதான் எனக்கு யோசனை. அம்மாவுக்கும் அதேதான் இருந்திருக்க வேண்டும். மூத்தவளே, அவள் கை உன் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தது, நீ தூங்கிப்போன பிறகும்.

செம்பூர்க் கட்டடத்தில் படி ஏறும்போதே கருகல் வாடை. சுத்தியலோடு ஓடினேன். வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே புகை. எதிர்வீட்டு மராட்டிக்கார அம்மாள் ஒரு துண்டை வைத்து விசிறிக்கொண்டிருந்தார். சமையலறைத் தரையில், சட்டையெல்லாம் ஈரமாக, காலை நீட்டிக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் வாட்ச்மேனிடம் கடன் வாங்கிய மின்சார அடுப்பு. அதன்மேல் நம்முடைய பால் சட்டி.

வாழ்க்கையில் ஒரு நாள்கூட அடுப்புப் பற்றவைக்காத மனிதர். பால் பொங்கியிருக்கிறது. பொங்கியதும் சுவிட்சை அணைத்துவிட்டார். அந்த அடுப்பு அணைத்தாலும் சூடு போகாது என்று அவருக்குத் தெரியவில்லை. சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்புவதற்குள் வழிந்தது போக மீதி அடிப்பிடித்துவிட்டது. துணியில்லாமல் சட்டியைத் தூக்கப் பார்த்து விரலையும் சுட்டுக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷம் கத்தி பிடித்தும் ஒரு கீறல் வாங்காத விரல்.

"இவருக்குப் பால் காய்ச்சத் தெரியாதா?" என்று அந்த அம்மாள் இந்தியில் என்னைக் கேட்டுச் சிரித்தார்.

அண்ணன் என் கையைப் பார்த்தார். "சுத்தியலு எதுக்குல?"

"ஆணி அடிக்க" என்றேன்.

"ம்" என்றார். அப்புறம் வாசலுக்கு வெளியே நனைந்து நின்ற அம்மாவைப் பார்த்துப் பேசினார், என்னைப் பார்த்து இல்லை. "ஆடியில தோசம்னு ஒண்ணு இருந்தா அது மொதல்ல நொழஞ்சவனுக்குத்தாம்மா. நான் நொழஞ்சாச்சு. பாலு பொங்கியாச்சு, கருகியும் போச்சு. இனி உங்களுக்கு ஒண்ணுமில்ல. பிள்ளைங்கள வலது கால வச்சு வரச் சொல்லு."

அம்மா உள்ளே வரவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். நீதான் முதலில் ஓடிப்போய், எந்தக் கால் என்று பார்க்காமல், குழாயைத் திறந்தாய்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. அந்த ஆடியிலேயே அவருக்குக் காய்ச்சல் வந்தது. மும்பை மழைக்காலத்தில் காய்ச்சல் வராத வீடு உண்டா? ஆனால் அன்று நம் வீட்டில் அப்படிச் சொல்லிக்கொள்ள யாருக்கும் துணிச்சல் இல்லை. ஆஸ்பத்திரியில் படுக்கையைச் சுற்றி நின்றோம். எனக்கு ஆடியில் நம்பிக்கை கிடையாது, இன்றும் கிடையாது. இருந்தாலும் அந்த நாட்களில் காலண்டரில் ஒவ்வொரு தாளையும் நான்தான் கிழித்தேன், ஏதோ கல்லைப் புரட்டுகிற மாதிரி. அப்போதுதான் அவர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். தாராவி ரூமுக்கு எங்கள் அப்பா அம்மாவையும் என்னையும் இவர் கூட்டிக்கொண்டு வந்தது ஓர் ஆடி மாதத்தில். பெரியவர்கள் தடுத்தபோது, மாசமாவது மண்ணாவது என்று சிரித்தவர் இவர்தான். அந்த வருஷம் முடிவதற்குள் எங்கள் அப்பா போய்விட்டார். எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. இத்தனை வருஷமும் அதை அவர் ஒருவரே சுமந்துகொண்டு, அதே ரூமில், அதே சுவருக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார். அம்மா பதிலுக்கு என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அன்று முதல் அவருக்குச் சோறு வைக்கும்போது அவள் சுவரைப் பார்த்துப் பேசியதில்லை. சட்டியையும் தேய்த்ததில்லை.

காய்ச்சல் இறங்கியது. உங்களை ஸ்கூலுக்குக் கூட்டிப்போக, ஐஸ் வாங்கிக்கொடுத்து மாட்டிக்கொள்ள, நல்ல ஆயுசோடு நம்மோடு இருந்தார். போன வருஷம் போனபோது தை மாதம். தை நல்ல மாதம் என்கிறார்கள். யாரைக் குற்றம் சொல்வது?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தச் சுவர் விழவில்லை. மழைக்காலம் முழுதும் அது அப்படியே நின்றது, பிறகு பக்கத்து ரூம்காரர் புதிதாகக் கட்டிக்கொடுத்தார். ஆகையால் நான் சொன்னதுதான் சரி என்று சொல்ல எனக்கும் சாட்சி இல்லை, அவருக்கும் இல்லை. வீடு மாற்றுவதில் நான் கற்றது இவ்வளவுதான்: கட்டில், பீரோ எல்லாம் எப்படியாவது டெம்போவில் ஏறிவிடும். ஆளுக்கொரு பயம் இருக்கும், அதை ஏற்றுவதுதான் கஷ்டம். அதைப் பேசித் தீர்க்கப் பார்த்தேன் நான். சண்டை போட்டுத் தீர்க்கப் பார்த்தாள் அம்மா. அவர் அதைத் தீர்க்கவே இல்லை. தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நமக்கு முன்னால் நடந்துவிட்டார்.

இப்போது மூத்தவளே, நீ வேலைக்குப் போக வசதி என்று வடாலாவில் தோழியோடு வீடு எடுத்திருக்கிறாய். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி. "அக்ரிமெண்ட் அன்னைக்குத்தான் ஸ்டார்ட்பா. ஆடியாவது, க்யா அப்பா நீங்க" என்று பாதி இந்தியில் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். சரிதான், சுவர் பஞ்சாங்கம் பார்க்காது. குழாயும் ஃபேனும் பார்த்து வைக்கச் சொல்லி நீ கொடுத்த சாவி என் பையில் இருக்கிறது.

அன்று காலை நீ சாமான்களோடு வந்து சேரும்போது கதவு திறந்திருக்கும். இவ்வளவு சீக்கிரம் ஏன் வந்தீர்கள் என்று கேட்பாய். குழாய் பார்க்க வந்தேன் என்பேன். குழாயும் பார்த்திருப்பேன், பொய்யில்லை.

இன்று அந்தச் சட்டியை மேல்தட்டிலிருந்து இறக்கி, துடைத்து, பையில் வைத்தேன். உன் அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கென்று கேட்கவில்லை.

"அடுப்புப் பக்கத்துலயே நில்லுங்க" என்றாள். "கும்பிடறத அப்புறம் கும்பிட்டுக்கலாம்."