அண்ணன் பெயரில் ஆறு வெற்றி

என் தம்பி ராய்ஸ்டன் குத்தும் பிடியும் கலந்த கூண்டுச் சண்டையில் ஜெயித்தவற்றைத் தேதிவாரியாக எழுதி வைத்திருக்கிறேன். 2017 ஏப்ரல் 29, ஈப்போவில் அமெச்சூர் போட்டி. எதிராளி அவனைவிட நான்கு கிலோ கூட. ராய்ஸ்டன் அதற்கு முன் மேடையேறியதே இல்லை. இரண்டாம் சுற்றில் கழுத்துப்பிடி போட்டு ஜெயித்தான். அதே ஆண்டு செப்டம்பரில், வலது கைச் சுண்டுவிரல் வீங்கியிருந்தபோது ஒன்று. 2018-இல் இரண்டு. அதில் ஒன்று, போட்டிக்கு ஒன்பது நாள் முன்பு வேறொருவன் விலகியதால் கிடைத்த இடம். 2019-இல் முதல் தொழில்முறைச் சண்டை. பந்தயம் கட்டியவர்களில் யாரும் அவன் பக்கம் இல்லை என்று பிறகு சொன்னார்கள். 2022 அக்டோபர் 15, கோலாலம்பூரில் பிளைவெயிட் எடைப்பிரிவில் சாம்பியன் பெல்ட். கடைசியாக, 2025 நவம்பர் 22, அதே பெல்ட் மறுபடியும்.

மொத்தம் ஏழு. முதல் ஆறும் இப்போது எந்தப் பதிவிலும் இல்லை. அந்த ஆறிலும் அறிவிப்பாளர் "ரொனால்டு அம்புரோஸ்" என்றுதான் கூப்பிட்டார். ரொனால்டு எங்கள் நடுப்பிள்ளை. முதல் போட்டிக்கு ஆறு வாரம் முன்பே இறந்துவிட்டான்.

நான் செரீனா, மூவரில் மூத்தவள். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், படிப்பை நிறுத்தினேன். எங்கள் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடை போடும் இடத்தில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். எடையையும் நேரத்தையும் சரியாக எழுதுவதுதான் என் வேலை. அதே மாதிரிதான் இதையும் எழுதுகிறேன்.

ராய்ஸ்டன் பிறந்தது 1997 டிசம்பர் 2. ரொனால்டும் நானும் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். ராய்ஸ்டனுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டுவிட்டது. லைன் வீட்டிலேயே, ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கிற பவளம் அக்காதான் பிரசவம் பார்த்தார். ரோடு திறந்ததும் அப்பா அம்புரோஸ் குழந்தையைக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஞானஸ்நானம் கொடுக்க வைத்தார். அங்கே கொடுத்த சர்ட்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்தார்.

"சீல் இருக்கு, ஃபாதர் கையெழுத்து இருக்கு, தேதி இருக்கு. இதுக்கு மேல என்னா வேணும்லா?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டாராம். அவர் மனதார நம்பினார். எங்களுக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் வழி காட்டியதால்தான் பதிவு நடந்தது என்பது அவருக்குத் தெரியவில்லை. தலைமையாசிரியர் பரிதாபப்பட்டு ஆறாம் வகுப்பு வரை உட்கார வைத்தார். பன்னிரண்டு வயதில் எல்லாப் பிள்ளைகளும் ஐசி என்கிற அடையாள அட்டை எடுக்கப் போனபோதுதான், நாட்டின் கணக்கில் ராய்ஸ்டன் என்று ஒருவன் பிறக்கவே இல்லை என்று தெரிந்தது. அப்பா இரண்டு முறை அலைந்தார். மூன்றாவது முறைக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார்.

ரொனால்டு குத்துச்சண்டைப் பைத்தியம். எஸ்டேட் மண்டபத்துக்குப் பின்னால் மரத்தூள் மூட்டை கட்டி, இடது கையால் குத்துவான். பிறவியிலேயே இடது கைக்காரன். ராய்ஸ்டன் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஈப்போ போட்டிக்கு ரொனால்டு ஃபோனிலேயே பெயர் கொடுத்தான். விண்ணப்பப் பாரத்தை நிரப்பி ஐசி நகலோடு அனுப்பியது நான்.

2017 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. கொழுந்து வெட்டும் மெஷினை இருவர் பிடிக்க வேண்டும். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். பின்னால் நீளமான பை இழுபட்டு வரும். என்ஜின் பக்கம் நிற்பவர் கையில்தான் சுவிட்ச். வால் பக்கம் நிற்பவர் என்ஜின் நிற்கும்வரை பிடியை விடக்கூடாது. விட்டால் ஓடுகிற கத்தி மற்றவர் காலுக்குத் திரும்பும். இது எங்கள் மலையில் பிள்ளைகளுக்கும் தெரிந்த சட்டம். அன்று ரொனால்டு என்ஜின் பக்கம், ராய்ஸ்டன் வால் பக்கம். காண்ட்ராக்ட் ஆட்களோடு, அண்ணனுக்குத் துணையாளாகத்தான் ராய்ஸ்டன் வேலைக்குப் போவான்.

செடிக்குள் குளவிக்கூடு இருந்தது. கத்தி அதில் பட்டது. ராய்ஸ்டன் விட்டுவிட்டு ஓடினான்.

மேலே ரோட்டில் தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். ரொனால்டு மெஷினைத் தனியாக நெஞ்சோடு அணைத்து, கத்தியை வெளிப்பக்கம் திருப்பி, என்ஜினை நிறுத்தியதைப் பார்த்தேன். பையின் கயிறு தோளில் சிக்கியிருந்தது. பிறகு அவன் தெரியவில்லை. அந்த இடம் குளவிகளால் கறுப்பாக அசைந்தது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் இறந்தான்.

தம்பி ஓடியதைப் பார்த்தவள் நான் மட்டும். அம்மா லூர்தம்மாளிடம் இருவரையும் குளவி துரத்தியதாகச் சொன்னேன். ராய்ஸ்டன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

ரொனால்டின் ஐசியை பதிவு அலுவலகத்தில் ஒப்படைத்தேன். இன்னொரு நகல் மட்டும் என் பையில் தங்கிவிட்டது. ஏப்ரலில் ஒரு நாள் ராய்ஸ்டன் வந்து கேட்டான்.

"அக்கா, அண்ணன் பேரு லிஸ்டுல இருக்குல்ல?"

"இருந்தா?"

"நான் போறேன்."

"உனக்கென்னடா தெரியும்? மூட்டையப் பிடிச்சவன்தானே நீ?"

"பிடிக்கத் தெரியும்."

வேண்டாமென்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ரொனால்டின் கையெழுத்தைப் பதினோரு முறை எழுதிப் பார்த்தேன். பன்னிரண்டாவதைப் போட்டி நாளில் கொடுக்கும் பாரத்தில் போட்டேன். ஈப்போவில் நகலையும் முகத்தையும் பார்த்தார்கள். ஒரே சாடை. ரொனால்டின் பெயரும் ராய்ஸ்டனின் படமும் போட்டு வீரர் அட்டை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் ஐசி கேட்கவில்லை.

அன்று ராய்ஸ்டன் இடது கைக்காரன் மாதிரி வலது கையை முன்வைத்து நின்றான். அவன் வலது கைக்காரன். நான் திடுக்கிட்டேன். அப்படியே அண்ணன் நிற்கிற மாதிரி, தாடை கொஞ்சம் தூக்கி. எதிராளியின் கழுத்தைப் பிடித்தவன், நடுவர் இருமுறை தோளில் அடித்த பிறகுதான் விட்டான்.

அந்தப் போட்டியில் மோகனா என்பவர் அவனைப் பார்த்தார். முன்னாள் ஜூடோ வீராங்கனை, ஈப்போவில் பயிற்சிக்கூடம் நடத்துபவர். "இவன் பின்னாடி போகவே மாட்டேங்கிறான். எவ்வளவு அடிச்சாலும் அங்கேயே நிக்கிறான். இத சொல்லிக் கொடுக்க முடியாது" என்று என்னிடம் சொன்னார். கம்போங் ராஜாவிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி கொண்டுபோகும் லோரியில் ராய்ஸ்டன் கெலிண்டானாக, டிரைவருக்கு உதவியாளாக, சேர்ந்தான். மூட்டை ஏற்றி இறக்கிவிட்டு, லோரி திரும்பும்வரை மோகனாவிடம் பயிற்சி. ஐந்து வருடம். ஒரே ஒரு வேண்டுதல்தான் வைப்பான். உடை மாற்றும் அறையில் ஃபேனை நிறுத்தச் சொல்வான். அந்த இரைச்சல் அவனுக்கு ஆகாது. வியர்வை வழிய உட்கார்ந்திருப்பான்.

அம்மா முதல் சண்டையை என் ஃபோனில் பார்த்தாள். அறிவிப்பாளர் "ரொனால்டு அம்புரோஸ்" என்று கூவியதும் திரையை விரலால் தொட்டாள். திரும்பப் போடச் சொன்னாள். அந்த இடத்தை மட்டும், நான்கு முறை. ராய்ஸ்டன் கொண்டுவந்த மெடலை ரொனால்டின் படத்து ஆணியில் மாட்டினாள். மூன்றாவது மெடல் வந்தபோது, "ரொனால்டு, சாப்புட்டியாடா?" என்று ராய்ஸ்டனைக் கேட்டாள். வாய் தவறியது என்று நினைத்தேன். அவன் "சாப்புட்டேன்மா" என்றான். பிறகு அவள் வேறு பெயரில் கூப்பிடவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் கண்ணால் பேசிக்கொண்டார்கள். பிறகு அவர்களும் பழகிவிட்டார்கள்.

பெல்ட் ஜெயித்துவிட்டு வந்த வாரம், கம்போங் ராஜாவில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் லோரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான். "ராய்ஸ்டன்!" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. மூன்று முறை கூப்பிட்டேன். பனிமூட்டம் இருந்தது, ஆனால் சத்தம் கேட்காத தூரமில்லை. நான்காவது முறை, எனக்கே தெரியாமல், "ரொனால்டு" என்றேன். உடனே திரும்பிச் சிரித்தான். அந்தச் சிரிப்பும் அண்ணனுடையது.

அந்த இடத்திலேயே சொன்னேன்: "டேய், போதும். நீ எங்கடா போயிட்ட?"

அவன் கயிற்றை இறுக்கி முடிந்தான். "தெரியலக்கா" என்றான்.

பேங்காக்கில் அடுத்த சண்டை இருக்கிறது, பாஸ்போர்ட் வேண்டும் என்று அந்த வாரமே மோகனா சொல்லியனுப்பினார். நாங்கள் இருவரும் போய் உண்மையைச் சொன்னோம். மோகனா கையில் சுற்றிக்கொண்டிருந்த துணிப்பட்டையை அப்படியே விட்டார்.

"அப்போ அஞ்சு வருஷமா மூலையில நின்னு நான் யாரடா கத்திக் கூப்புட்டேன்?"

"எங்கண்ணன, மாஸ்டர்."

"அப்போ நீ யாரு?"

"அதுக்குத்தான் பேப்பர் இல்ல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுதார். பிறகு இருவரையும் வெளியே போகச் சொல்லி, கேட் வரை போனதும் திரும்பக் கூப்பிட்டார். "பேப்பர எடுத்துக்கிட்டு வா. பயிற்சி மெத்தையில இடம் இருக்கும். இவ்வளவுதான் சொல்ல முடியும்."

கையெழுத்தெல்லாம் நான் போட்டது என்று அமைப்பாளர்களுக்குக் கடிதம் எழுதினேன். பெல்ட் திரும்பிப் போனது. ஆறு வெற்றியும் அழிக்கப்பட்டன. இரண்டு வருடத் தடை. அது நியாயம்தான்.

ராய்ஸ்டனின் பிறப்பைத் தாமதமாகப் பதிவுசெய்ய விண்ணப்பித்தோம். அப்பா நம்பியிருந்த ஞானஸ்நானச் சர்ட்டிபிகேட்டைத் துணைச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். பவளம் அக்கா சாட்சி. ஆனால் பெற்றவள் நேரில் சொல்ல வேண்டும். 2024 மார்ச் 6, புதன்கிழமை. அதிகாரி மரியாதையான பெண்மணி. எத்தனை பிள்ளைகள் என்று மலாய் மொழியில் கேட்டார்.

"ரெண்டு," என்றாள் அம்மா. "செரீனா, ரொனால்டு."

"இவர்?"

அம்மா ராய்ஸ்டனைப் பார்த்தாள். "ரொனால்டு" என்றாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பதிவேட்டில் ரொனால்டின் இறந்த தேதி அவர் கண்முன் இருந்தது. கோபப்படவில்லை. "அம்மாவை வீட்டுக்கு அழைத்துப் போங்கள். இன்னொரு தேதி தருகிறேன். அப்போதும் இப்படியென்றால் நான் ஒன்றும் செய்ய முடியாது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் அம்மாவிடம் கத்தினேன். உயிரோடு இருக்கிற பிள்ளையை இல்லாமல் ஆக்குகிறாயே என்றேன். அவள் காது கேளாதவள் போல அரிசி களைந்தாள். ராய்ஸ்டன் என்னைத் தடுத்துவிட்டு அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அம்மா, குளவி வந்தப்போ நான் ஓடிட்டேன்."

அவள் கை நின்றது. முப்பத்தொரு வருடம் கொழுந்து வேலை செய்தவள். "எந்தப் பக்கம் நின்ன?" என்று கேட்டாள்.

"வால் பக்கம்."

"என்ஜின் நின்னிச்சா?"

"நிக்கல. விட்டுட்டு ஓடிட்டேன். அண்ணந்தான் தனியா புடிச்சிக்கிட்டு நின்னான்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏழு வருடமாக நான் சொல்லிவந்தது பொய் என்று அப்போது அவளுக்கும் தெரிந்தது. அரிசியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். ஆணியிலிருந்த மெடல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் போடும் சத்தம் கேட்டது. மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. ராய்ஸ்டன் வாசலிலேயே படுத்தான். அவள் அவனைத் தாண்டித் தாண்டி நடந்தாள்.

நான்காம் நாள் காலை குழாயில் தண்ணீர் நிற்கப்போகும் நேரம். உள்ளேயிருந்து அடித்தொண்டையில் அம்மாவின் குரல் வந்தது.

"டேய் ராய்ஸ்டன்! எருமமாடு மாதிரி படுத்துக் கெடக்குற, தண்ணியப் புடிச்சி வைக்க மாட்டியா?"

அவன் முதல் அழைப்பிலேயே எழுந்தான். வாளியை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனான். அந்த வருடம் முழுதும் அம்மா அவனைத் திட்டிக்கொண்டேதான் இருந்தாள். ஒவ்வொரு திட்டிலும் பெயரைச் சேர்த்துக்கொண்டாள்.

ஜூன் 12-ஆம் தேதி அதே மேசை. அதிகாரி கேட்பதற்கு முன்பே அம்மா சொன்னாள்: "மூணு பிள்ள. மூத்தவ இவ. நடுவுல உள்ளவன் இறந்துட்டான், ரொனால்டு, 2017 மார்ச் 15. இவன் கடைசி. ராய்ஸ்டன். நான்தான் பெத்தேன்." 'இறந்துட்டான்' என்று அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பவளம் அக்கா பக்கத்திலிருந்து, "ஆமா, தலைமுடியோட பொறந்தான், நான்தான் புடிச்சேன்" என்றார்.

கடிதங்கள், ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிய இன்னும் ஒரு வருடம். ஐசி வாங்கும் இடத்தில் கட்டைவிரலைத்தான் பதித்தார்கள். கையெழுத்துப் போட வேண்டி வந்தது ஈப்போவில், மோகனாவின் பயிற்சிக்கூடத்தில், நவம்பர் சண்டைக்கான ஒப்பந்தத் தாளில். அவன் கேட்டதால் ஃபேனை நிறுத்தியிருந்தார்கள். நான் பேனாவை அவன் பக்கம் தள்ளினேன்.

"எப்படிக்கா போடுறது?"

"உன் கையெழுத்து எனக்கெப்படித் தெரியும்?"

பேனாவை இடது கையில்தான் எடுத்தான். தாளின் மேல் கொண்டுபோய் நிறுத்தினான். அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு வலது கைக்கு மாற்றி, முழுப்பெயரையும் எழுத்து விடாமல் எழுதினான். தேதியும் அவனே போட்டான். சனிக்கிழமை, 2025 ஜூலை 19.