தப்பைச் சொன்னவளுக்கு வேலை போகக் கூடாது

1. பிடுங்கிய ஒயர்

அருமனையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நிர்வாக மேலாளராக இருந்தேன். ஒரு நாள் காலை, ஓ.பி. கூட்டம் நெரியும் நேரத்தில், ரிசப்ஷனில் வேலை பார்த்த ஷைனி மூச்சு வாங்க என் அறைக்கு ஓடி வந்தாள்.

"சாரே, மருந்துக் கம்பெனி பில்லுன்னு ஒரு மெயில் வந்திச்சு. தொறந்தேன். ஃபைலுக்க பேரெல்லாம் தானா மாறுது. பயந்து நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கிட்டேன்."

"எப்ப தொறந்த?"

"இப்பத்தான் சாரே."

எங்கள் கம்ப்யூட்டர்களைப் பராமரித்து வந்தவர் நாகர்கோவில் பினு. போன் போட்டேன். எல்லா சிஸ்டத்தையும் நெட்வொர்க்கிலிருந்து கழற்றச் சொன்னார். மதியம்வரை டோக்கனைக் கையால் எழுதிக் கொடுத்தோம். பினு வந்து சோதித்துவிட்டுச் சொன்னார்:

"ரான்சம்வேர் சார். ஃபைலை எல்லாம் பூட்டிட்டு, தொறக்கப் பணம் கேக்கும். இந்தப் பிள்ளைக்க மெஷின் போச்சு. சர்வருக்குப் போகல்ல. கொஞ்சம் பிந்தியிருந்தா பேஷண்ட் ரெக்கார்டு ஒண்ணும் மிஞ்சியிருக்காது."

மருத்துவமனையின் உரிமையாளர் ஒரு சர்ஜன். வேலையில் கெட்டிக்காரர், கோபக்காரர். ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"கண்ட மெயிலையும் தொறக்கவளுக்கு இங்க வேலை இல்ல. இண்ணைக்கே அனுப்பிரும்."

"டாக்டர், அவ ஓடி வந்து சொன்னதுனாலதான் சர்வர் தப்பிச்சு. அவளை அனுப்பினா, நாளைக்கு இன்னொருத்தி தொறந்துட்டு வாயத் தொறக்க மாட்டா. நமக்குத் தெரிய வரும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும்."

"அப்போ அவளுக்கு மாலை போடணுமா?"

"மாலை வேண்டாம். எல்லாருக்க முன்னாலயும் நல்லா செஞ்சான்னு சொல்லப் போறேன்."

அவர் வேண்டாம் என்று சொல்லாமல் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். மாலை ஷிஃப்ட் மாறும்போது எல்லோரையும் கூட்டி அப்படியே சொன்னேன். வேலை போய்விட்டது என்றே நினைத்திருந்த ஷைனி அழுதுவிட்டாள்.

2. ஒரே பாஸ்வேர்டு

ரிசப்ஷனில் எல்லோரும் ஒரே பாஸ்வேர்டைத்தான் பயன்படுத்தினார்கள். கூடாது என்று முன்பே சர்க்குலர் போட்டிருந்தோம். ஒரு பயனும் இல்லை. இந்தத் தடவை ஷைனியிடமே காரணம் கேட்டேன்.

"புது லாகின் கேட்டா சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன் வாரக்கணக்கா இழுப்பான் சாரே. அதுவரை வரிசைல நிக்கவங்ககிட்ட என்னத்தச் சொல்ல?"

அவள் கேட்டது நியாயம். லாகினை நாங்களே உண்டாக்கிக் கொடுக்கும்படி பினு ஏற்பாடு செய்தார். கேட்டவருக்குக் கேட்ட உடனே லாகின் கிடைத்தது. பொது பாஸ்வேர்டை யாரும் தேடவில்லை.

கூடவே ஒரு விதி வைத்தோம். தெரியாத நம்பரிலிருந்து யார் ரிப்போர்ட் கேட்டாலும் அனுப்பக் கூடாது. நம்மிடம் பதிவான நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டு உறுதி செய்தபிறகுதான் அனுப்ப வேண்டும்.

3. முட்டத்திலிருந்து ஒரு போன்

சில மாதம் கழித்து டாக்டர் ஒரு கல்யாணத்துக்காக முட்டம் போயிருந்தார். அவர் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. கூட வந்த மனைவி பெண்கள் பக்கம் இருந்ததால், பக்கத்தில் நின்ற யாரிடமோ போன் வாங்கி ரிசப்ஷனைக் கூப்பிட்டார். வார்டில் இருந்த ஒரு நோயாளியின் ஸ்கேன் ரிப்போர்ட்டை அந்த நம்பருக்கே அனுப்பச் சொன்னார். எடுத்தவள் ஷைனி. நான் பக்கத்தில் நின்றேன்.

"குரல் உங்க குரல் மாதிரிதான் இருக்கு டாக்டர். ஆனா இந்த நம்பருக்கு அனுப்ப முடியாது."

மறுமுனைச் சத்தம் எனக்கே கேட்டது. ஷைனி "இப்ப கூப்பிடுகேன்" என்று போனை வைத்துவிட்டு, பதிவில் இருந்த டாக்டர் மனைவியின் நம்பரைக் கூப்பிட்டாள். அந்த அம்மா போனை அவரிடம் கொடுத்தார். மனைவியின் நம்பருக்கே ரிப்போர்ட் உடனே போயிற்று. நோயாளிக்குச் செய்ய வேண்டியதையும் அவர் டியூட்டி டாக்டரிடம் சொல்லி முடித்தார்.

மறுநாள் டாக்டர் நேராக ரிசப்ஷனுக்கு வந்தார். ஷைனி எழுந்து நின்றாள்.

"நேத்து எனக்கு நல்ல கோவம் வந்திச்சு. ஆனா நீ செஞ்சதுதான் சரி. இனியும் நான் கூப்பிட்டாலும் இப்படித்தான் செய்யணும், கேட்டியா?"

நர்ஸ்கள், பார்மசிக்காரர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இந்த விதிகளைப் பற்றி ஊழியர்களுக்கு நான் எடுத்த வகுப்புகள் எல்லாம் செய்யாததை அந்த வார்த்தை செய்தது.

அதன்பிறகு என் அறைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "ஒரு லிங்கை அமுக்கிட்டேன் சாரே", "பாஸ்வேர்டை ஒருத்தன் போன்ல கேட்டான் சாரே" என்று. தவறுகள் பெருகிவிட்டனவோ என்று டாக்டர் கேட்டார். பெருகவில்லை, முன்பு நம்மிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்றேன். மேலாளராகிறவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்: தப்பைச் சொல்ல வருகிறவர்களை முதலில் உட்காரச் சொல்லுங்கள்.