சுஜி வரும் எழுபது நொடி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். முட்டத்தில் லிஜிக்கு இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில்.

லிஜி வீடியோ எடிட்டிங் படிக்க ஆரம்பித்து மூன்றே வாரம். ஃபோனில் பாடங்களைப் பார்த்துப் பார்த்துத் தானாகப் படித்தாள். வெட்டத் தெரியும், ஒட்டத் தெரியும், சத்தத்தைக் குறைக்கத் தெரியும். அவ்வளவுதான். முதல் வேலை, பக்கத்து வீட்டு சிசிலி அம்மாளின் அடக்க வீடியோ. இளைய மகன் ஜெபிஷுக்கு மஸ்கட்டில் லீவு கிடைக்கவில்லை. அம்மாவின் முகத்தை அவன் இதில்தான் பார்க்க வேண்டும்.

பென்டிரைவைக் கொடுத்தபோது மூத்த மகன் ஜான்ரோஸ் ஒன்று சொன்னார்.

"சுஜி வாற இடம் எல்லாம் வெட்டிரு மக்கா. ஒரு இடத்திலயும் அவ முகம் வரப்பிடாது."

சுஜி அவருடைய தங்கை. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் பண்ணினவள். பெற்ற தாயின் அடக்கத்தில்கூட அவள் இல்லாமல் போக வேண்டுமாம். லிஜிக்கு மனசே இல்லை. என்ன செய்ய, முதல் வேலையாயிற்றே.

மதியம் 2.10. பென்டிரைவைக் கம்ப்யூட்டரில் போட்டாள். சுஜி ஒரே இடத்தில்தான் வந்தாள். வீட்டு கேட்டுக்கு வெளியே, கம்பியைப் பிடித்து அழுதபடி. சரியாக எழுபது நொடி. லிஜி வெட்டினாள். சேமித்தாள்.

2.25. முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். எழுபது நொடி அங்கேயே இருந்தது. சேமிக்க மறந்துவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால்... சுஜி இப்போது முற்றத்தில், பந்தலுக்குக் கீழே நின்றாள்.

வேறு துண்டாக இருக்கும். அதையும் வெட்டினாள்.

2.40. மறுபடியும் எழுபது நொடி. சுஜி, திறந்த பெட்டியின் பக்கத்தில்.

சத்தத்தை முழுதாக அணைத்திருந்தாள். ஆனாலும் ஹெட்ஃபோனில்... ஜெபமாலை மணி உருளும் சத்தம். டிக்... டிக்...

பெட்டிக்குள், ஜெபமாலை சுற்றிய கை மெல்ல விரிந்தது.

சுஜியின் விரல்களைப் பிடித்தது.

லிஜி ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்தாள். பயத்தோடு ஜான்ரோஸ் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வெட்டல்ல மாமி," என்றாள் திரையில் பெட்டிக்குள் கிடந்த சிசிலி அம்மாளைப் பார்த்து. "இனி யார் சொன்னாலும் வெட்டமாட்டேன்."

முதல் வேலை போனால் போகட்டும். 3.05க்கு அப்படியே மஸ்கட்டுக்கு அனுப்பினாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஜான்ரோஸ் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஜெபிஷ் கூப்பிட்டு அழுதான். சுஜியை அம்மைக்க கிட்ட விட்டதுக்கு எனக்கு நன்றி சொல்லுதான். என்னட்டி பண்ணி வச்சிருக்க?"

"எனக்கு வெட்டவும் ஒட்டவும்தான் தெரியும் அண்ணா. உள்ளதுதான் இருக்கு."

"உள்ளதா? கேட்ட அடச்சதே நாந்தான். அவ உள்ள கால் வைக்கல்ல. அவ வந்து சேரும்போ பெட்டிய மூடி ஆணி அடிச்சாச்சு."

லிஜி மவுஸை அவர் பக்கம் தள்ளினாள்.

"இந்தா இருக்கு. நீங்களே வெட்டுங்க."

மேசையில் கிடந்த ஹெட்ஃபோனில்... டிக்... டிக்...

ஜான்ரோஸ் மவுஸைத் தொடவில்லை.