அந்த ஆள் பிழைத்தாரா?

போன வருடம் ஜூலை கடைசி. பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் சுதந்திர தின விழாக் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். நான் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருப்பவள். எதையும் வரிசை போட்டு எழுதி, முடிந்ததை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனால்தான் எனக்கு நிம்மதி. அதனாலேயே இந்த மாதிரிப் பொறுப்புகள் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து சேரும்.

அந்த வருட விழாவில் முக்கியமான நிகழ்ச்சி, எங்கள் டீமிலேயே இருக்கும் ஒரு தோழியின் கணவருக்கு மரியாதை செய்வது. அவர் கடலோரக் காவல்படையில் இருந்தவர். முந்தைய வருட மழைக்காலத்தில் மேற்குக் கடலில் மீன்பிடிக்கப் போன ஒரு விசைப்படகு உடைந்து தண்ணீர் ஏறிவிட்டது. கப்பல் பக்கத்தில் போக முடியாத அளவுக்கு அலை. ரப்பர் படகை இறக்கி, அதில் இவரும் போய், மீனவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பலுக்குக் கொண்டுவந்தார்கள். கடைசியாக வந்தவருக்குப் பலத்த அடி. அவரைக் கயிற்று ஏணியில் மேலே ஏற்றிவிட்ட நேரத்தில் ஓர் அலை ரப்பர் படகைத் தூக்கிக் கப்பலின் பக்கவாட்டில் அறைந்தது. நடுவில் சிக்கிக்கொண்டவர் தோழியின் கணவர்.

தோழி பொம்மனஹள்ளியில் அப்பா அம்மாவுடன் இருக்கிறாள். தாத்தா காலத்திலேயே பெங்களூரு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். கணவரும் இந்த ஊர்க்காரர்தான். கடலே இல்லாத ஊரிலிருந்து கடலுக்குப் போன மனுஷன் என்று அவள் முன்பெல்லாம் கேலி செய்வாள். அவர் போனபின் மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பினாள். யாரும் அவளிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரே கம்பெனி வண்டியில் தினமும் போய்வருவோம், ஆனால் டிராஃபிக்கைப் பற்றித்தான் பேசுவோம்.

விழாவுக்கு அவள் சம்மதித்தது எங்களுக்கே ஆச்சரியம். பின்னணி பேனருக்கு வரைந்து வந்த படத்தை அவளிடம் காட்டினேன். பனி மலை, பீரங்கி, துப்பாக்கியோடு ஒரு சிப்பாய், ஓரத்தில் வட்டத்துக்குள் அவள் கணவரின் போட்டோ.

கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஊட்டிக்குப் போனாலே நடுங்குவாருப்பா அவரு. இந்தப் பனியில கொண்டுபோய் நிறுத்திட்டீங்களே. ஒரு சொட்டுத் தண்ணியாவது காட்டக் கூடாதா?" என்றாள். எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவளே சிரித்தாள். பிறகு நானும் சிரித்தேன்.

அந்தத் தைரியத்தில்தான் கேட்டேன். "மேடையில அவரைப் பத்தி என்ன சொல்லணும்னு நினைக்கிறே? நீ சொல்றதை அப்படியே எழுதிக்கறேன்."

அவள் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள். அவளுக்கு எல்லா மரியாதையும் நடந்தது. கொடி போர்த்திக் கொண்டுவந்தார்கள், வானத்தை நோக்கிச் சுட்டார்கள், மடித்த கொடியையும் அவருடைய தொப்பியையும் அவள் கையில் கொடுத்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் இன்றைக்கும் போன் செய்து விசாரிக்கிறார்கள். ஏரியாவில் மூன்று நான்கு சங்கங்கள் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். எல்லோரும் அவர் வீரத்தைப் பற்றிப் பேசினார்கள்.

"ஆனா கடைசியா ஒருத்தரை ஏத்திவிட்டாரே, அந்த ஆள் பொழைச்சாரா இல்லையா, அது எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க, மோசமா இருந்தார், அப்புறம் சொந்த ஊருக்குக் கொண்டுபோயிட்டாங்கன்னு சொன்னாங்க. அதுக்கு மேல நான் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"பொழைக்கலைன்னு சொல்லிட்டா?"

நான் தேடிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். ஒரு நிபந்தனை போட்டாள். "பொழைச்சிருந்தா மட்டும் சொல்லு. இல்லைன்னா சொல்லவே சொல்லாதே."

சரி என்று தலையாட்டிவிட்டேன். வீட்டுக்குப் போனபிறகுதான் அதிலிருந்த ஓட்டை தெரிந்தது. நல்ல பதில் மட்டும்தான் வரும் என்றால், பதில் வராத ஒவ்வொரு நாளும் கெட்ட பதில்தானே. சோதனை வேலை செய்யும் எனக்கு இது உடனே உறைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் வண்டியில் ஏறியதும் அவள் என் முகத்தை ஒருதரம் பார்ப்பாள். நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். மேம்பாலத்தில் வண்டி ஏறி இறங்கும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தேடவே ஆரம்பித்திருக்கக் கூடாதோ என்று தோன்றும்.

அந்தப் படகின் பெயர் மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. தமிழ்நாட்டின் தெற்குக் கடற்கரையில் உள்ள படகு. என்னோடு கல்லூரியில் படித்த ஒருவன் அந்தப் பக்கத்துக்காரன். அவனிடம் சொல்லியிருந்தேன். அவன் ஒவ்வொரு துறைமுகமாக விசாரித்துக்கொண்டிருந்தான்.

ஒரு மதியம் கேன்டீனில் தட்டோடு நிற்கும்போது அவன் போன் வந்தது.

"சாப்பிட்டியா?" என்று ஆரம்பித்தான்.

"டேய், விஷயத்தைச் சொல்லு."

"இருக்காரு. நல்லா இருக்காரு. இடுப்பிலயும் கால்லயும் பிளேட் வச்சிருக்கு. கடலுக்குப் போறதில்ல, துறைமுகத்துல மீன் ஏலம் போடுற இடத்துல வேலை பாக்குறாரு."

தட்டை அப்படியே பக்கத்து மேஜையில் வைத்தேன். அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். அந்தப் படகை ஓட்டியவரைத்தான் அவன் முதலில் கண்டுபிடித்திருக்கிறான். அவர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். அடிபட்டவர் அன்றைக்கு மேலே ஏறியதும் நினைவு தப்பிவிட்டார். ஏற்றிவிட்ட காவல்படைத் தம்பி இறந்துபோன விஷயம் படகில் இருந்த மற்ற எல்லோருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. ஆஸ்பத்திரியில் இருந்த நிலையில் சொல்ல வேண்டாம் என்று விட்டார்கள், பிறகு யாருக்கும் வாய் வரவில்லை. தயவுசெய்து நீங்களும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டிருந்தார். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் ஊர் பெயரையும் அடையாளங்களையும் நான் இங்கே எழுதவில்லை. எழுதவே தோழியிடம் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

அவள் இருக்கைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்துவிட்டாள். மாடிப்படிக்குப் போய் நின்றோம்.

"பொழைச்சுட்டாரு."

சுவரைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தாள். நான் எதிர்பார்த்த அழுகை வரவில்லை. கேள்விகள்தான் வந்தன. நடக்க முடிகிறதா. வலி இருக்கிறதா. குழந்தைகள் இருக்கிறார்களா. கடலுக்குப் போகாமல் சம்பாத்தியம் போதுகிறதா. தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள், மனப்பாடம் செய்துகொள்வது மாதிரி. கடைசியில், "அவருக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது என்றேன். பிறகு எனக்குள் வேலை செய்துகொண்டிருந்த யோசனையையும் சொல்லிவிட்டேன். அவரை வரவழைக்கலாம். உயிர் பிழைத்தவர் மேடையில் நின்று தன் வாயால் நன்றி சொன்னால் அதைவிட மரியாதை வேறென்ன. பக்குவமாக விஷயத்தைச் சொல்லி, டிக்கெட் போட்டு, துணைக்கு ஆள் அனுப்பி, எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சிறப்பு விருந்தினர் ஒருவர் வரலாம் என்று குழுவிடம் கோடி காட்டியும் வைத்திருந்தேன்.

"வேண்டாம்."

"அவருக்குத் தெரியணும் இல்லையா? தனக்காக ஒருத்தர் உயிரையே கொடுத்திருக்கார்னு தெரியாமலே இருக்கறது நியாயமா?"

"தெரிஞ்சா என்ன பண்ணுவார்?"

கையைக் காட்டி என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"நான் சொல்றேன். தினம் ராத்திரி படுக்கும்போது நினைப்பார். பிள்ளைங்க சிரிச்சா நினைப்பார். ஏற்கெனவே இடுப்புல இரும்பு வச்சிருக்கு. இதையும் ஏன் ஏத்தணும்? அவரைத் தூக்கி மேல ஏத்திவிடத்தான் எங்க வீட்டுக்காரர் போனாரு. நாம அவரைப் பிடிச்சு மறுபடி கீழ இழுக்கவா?"

அவள் கோபமாகப் பேசவில்லை. டெஸ்ட் ரிப்போர்ட்டில் தப்பைக் காட்டும்போது பேசும் அதே குரல். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. "அப்போ அவரோட பேர் அந்த ஆளுக்குத் தெரியாமலே போயிடுமே" என்றேன்.

"போகட்டும். இவரு எத்தனையோ பேரை இழுத்துப் போட்டிருக்காரு. ஒருத்தர் பேராவது வீட்டுல வந்து சொன்னதில்ல. அவங்களுக்கும் இவர் பேர் தெரியாது." சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு படி ஏறியவள் நின்றாள். "குரலை மட்டும் ஒரு தடவை கேக்கணும் போல இருக்கு. சும்னே." சும்மா என்பதைக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வாள்.

மறுநாள் ஆளில்லாத ஒரு மீட்டிங் அறையில் உட்கார்ந்து போன் போட்டேன், ஸ்பீக்கரில். அவள் பேசுவதாக இல்லை, கேட்பதாக மட்டும்தான் பேச்சு.

"ஹலோ, நாங்க பெங்களூருல இருந்து பேசறோம்."

"லோனெல்லாம் வேண்டாம்மா" என்று வைக்கப்போனார்.

லோன் இல்லை, எங்கள் கம்பெனியில் கடலோரக் காவல்படைக்கு மரியாதை செய்கிறோம், அவர்களால் காப்பாற்றப்பட்ட நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிக்கத்தான் என்று சொன்னேன். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. மனிதர் உடனே இளகிவிட்டார். பின்னால் ஏலச் சத்தம், யாரோ ஐஸ் உடைக்கும் சத்தம். கொஞ்சம் தள்ளி வந்து பேசினார்.

"இப்பம் நல்லா இருக்கேம்மா. கால் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். மூத்தவ பத்தாவது படிக்கா. கடலுக்குப் போவக் கூடாதுன்னு வீட்டுல ஒரே சண்டை. நம்ம பேச்சு எங்க எடுபடும்?"

தோழி உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்றைக்கு நடந்தது ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "ஒரு தம்பி என்னைச் சட்டையோட கொத்தாப் பிடிச்சுத் தூக்குனாரு. எனக்குக் கை நிக்கல. கீழ பாத்தாக் கடலு வாயைத் தொறந்துட்டு நிக்கி. 'அண்ணே, கீழ பாக்காதீங்க, மேல பாருங்க, அவ்வளவுதான், வந்துட்டீங்க'ன்னாரு. இந்திக்காரப் பிள்ளைவளுக்கு நடுவுல தமிழ்ல ஒரு குரல். அது இப்பமும் காதுல கேக்கு. அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் நெனவில்ல."

நான் அவள் பக்கம் திரும்பவே பயந்தேன். திரும்பியபோது அவள் கண்ணை மூடி, இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவர் கடைசியாகப் பேசியது என்ன என்று அந்த நிமிடம்வரை அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அதைச் சொல்லக்கூடியவர் உலகத்தில் அந்த ஒருவர்தான்.

"வெள்ளைக் கப்பல் கரைப்பக்கம் வந்தா எட்டிப் பாப்பேன், அந்தத் தம்பி நிக்காரான்னு. அவங்களை ஊர் ஊரா மாத்துவாங்களாமே. நீங்க அந்த ஆபீஸ்காரங்க யாரையும் பாத்தா, அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். நான் நல்லா இருக்கேன், நெதமும் நெனைக்கேன்னு சொல்லுங்க. சொல்லுவீங்களா?"

நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முன்னால் குனிந்தாள்.

"கண்டிப்பா சொல்றேண்ணே" என்றாள். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

"சந்தோசம்மா" என்று வைத்துவிட்டார்.

அறையை அடுத்து எடுத்திருந்தவர்கள் வந்து கதவைத் தட்டும்வரை நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.

சிறப்பு விருந்தினர் வர முடியவில்லை என்று குழுவிடம் சொன்னேன். கொஞ்சம் முகம் சுளித்தார்கள், விட்டுவிட்டார்கள். ஆகஸ்ட் பதினைந்து அன்று காலை விழா நடந்தது. பேனரில் கடலும் ஒரு வெள்ளைக் கப்பலும் இருந்தன. தோழியின் அப்பாவும் அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் தியாகம், வீரம் என்று நன்றாகவே பேசினார்கள். அவளைப் பேசச் சொல்வதாக நிகழ்ச்சியில் இல்லை. சால்வையை வாங்கியதும் அவளாகவே மைக்கைக் கேட்டாள்.

முதலில் கன்னடத்தில் சொன்னாள், பிறகு தமிழில். "அவர் ஒருத்தரைக் காப்பாத்தப் போனார். அந்த ஒருத்தர் இப்ப நல்லா இருக்கார். பெரிய பொண்ணு பத்தாவது படிக்குது. அதைத்தான் சொல்ல வந்தேன்."

கூட்டத்துக்குப் பாதி புரிந்திருக்காது. முன்வரிசையில் அவள் அப்பா மட்டும் சட்டென்று தலை நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கேள்வி அந்த வீட்டில் இவளுக்கு மட்டுமே இருந்ததல்ல என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த மீனவருக்கு உண்மையைச் சொல்லாமல் விட்டது சரியா என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. என்றாவது ஒருநாள் துறைமுகத்தில் யாராவது வாய்தவறிச் சொல்லிவிடக்கூடும். அன்றைக்கு அவர் எங்களைத் திட்டினால் கேட்டுக்கொள்வேன். ஆனால் கடமையில் உயிர்விட்டவர்களுக்குச் சால்வை, மலர் வளையம், மௌன அஞ்சலி எல்லாம் செய்துவிட்டு வீடு திரும்புகிற நாம், அவர்கள் எந்தக் காரியத்துக்காகப் போனார்களோ அது நிறைவேறியதா என்று தேடிப்போய்க் கேட்டு வந்து, அவர்கள் வீட்டில் காத்திருப்பவர்களிடம் சொல்வதும் ஒரு மரியாதைதான் என்பதை அந்த மீட்டிங் அறையில் கற்றுக்கொண்டேன்.