கையால் ஊதிய விசில்

முதலில் கெட்டுப்போனது விசில் என்றுதான் நினைத்தேன்.

தேர்வாய் கண்டிகையில் எங்கள் தொழிற்சாலை கேன்டீனுக்குப் பின்னால் ஒரு சிமென்ட் களம் இருக்கிறது. முதல் ஷிஃப்ட் முடித்து வந்த பெண்களுக்கு அங்கே கூடைப்பந்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். விசிலை ஊதினேன். காதைக் கிழிக்கும் சத்தத்துக்குப் பதிலாக 'புஸ்' என்று காற்று போனது. உதறினேன், கழுவினேன். பையிலிருந்த இன்னொன்றை எடுத்தேன், அதுவும் புஸ். சாமான் பெட்டியிலிருந்து உறை பிரிக்காத புது விசில் ஒன்றை எடுத்து ஊதினேன். அதே கதைதான். மட்டமான சரக்கை வாங்கிப் போட்ட ஸ்டோர்க்காரரை மனதாரத் திட்டினேன்.

"இன்னா மேடம், இன்னிக்கு விசிலுக்கு லீவா?" என்று அணித் தலைவி ரேவதி கேட்டாள். அவளைக் கூடுதலாக இரண்டு சுற்று ஓடவிட்டேன்.

மூன்று விசில்களைச் சந்தேகித்தவளுக்குத் தன் உதட்டைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. இதே நோயோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வீணாக்கிய அந்த ஒரு மாலையை நீங்களும் வீணாக்க வேண்டாம்.

என் பெயர் சகாயமேரி. கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் வயலில் கூலி வேலை செய்தவர்கள். சுற்றிலும் தொழிற்சாலைகள் வந்தபோது அப்பா இரும்பு ஆலைக்குப் போனார். பதிமூன்று வயதில் அவரைவிட நான் உயரம். தெருவில் ஒட்டகச்சிவிங்கி என்றார்கள். விளையாட்டு விடுதியில் அதே உயரத்தைப் பார்த்து சென்டர் (கூடைக்கு அடியில் நின்று பந்தைப் பிடிப்பவர்) ஆக்கினார்கள். பதினொரு ஆண்டுகள் பல ஊர்களில், பல கம்பெனி அணிகளுக்குச் சம்பளத்துக்கு விளையாடினேன். முழங்கால் ஜவ்வு இரண்டாம் முறை அறுந்த பிறகு கோச்சாக வந்தேன்.

அதன்பின் கால் செய்த வேலையை வாய் செய்தது. நான் கத்தினால் கவரைப்பேட்டை ஸ்டேஷனில் நிற்கிற ரயில் பயந்து கிளம்பிவிடும் என்று என் கணவர் குமரேசன் சொல்வார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மணவாள நகர் வீட்டில் டீ குடித்தேன். பாதி டீ இடது கடைவாய் வழியாக வழிந்து நைட்டியில் கொட்டியது. குமரேசன் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா மேரி, ஒரு பக்கம் என்னப் பாத்து சிரிக்கிற, ஒரு பக்கம் மொறைக்கிற?"

சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. கண்ணாடிக்கு ஓடினேன். இடது பாதி முகம் தொய்ந்து கிடந்தது. கண்ணை மூடினால் வலது கண் மூடியது, இடது கண் திறந்தபடி என்னையே பார்த்தது. பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து, "காத்து பட்டுகினு இருக்கும், மொளகு அரைச்சி பத்து போடு" என்றார்.

"மொளகு கொழம்புக்கு இருக்கட்டும்க்கா" என்று சொல்லிவிட்டு, குமரேசன் என்னை பைக்கில் ஏற்றினார். கம்பெனி பஸ்ஸை ஒரு நாளும் தாமதமாக எடுக்காத டிரைவர் அவர், அன்று லீவு சொல்லக்கூட மறந்துவிட்டார்.

திருவள்ளூரில் மருத்துவமனை நடைபாதையில் உட்கார்ந்திருந்தபோது ஒரே சொல்தான் மனதில் ஓடியது: பக்கவாதம். விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தேன். எழுந்து ஒற்றைக் காலில் நின்று பார்த்தேன். எதிரில் இருந்தவர்கள் எனக்கு வேறு ஏதோ வியாதி என்று நினைத்திருப்பார்கள்.

டாக்டர் அம்மா கை கால்களைச் சோதித்தார். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார். பிறகு, "நெத்தியச் சுருக்குங்கம்மா" என்றார். வலது பக்கம் மட்டும் சுருங்கியது.

"இது முகவாதம். பெல்ஸ் பால்ஸின்னு சொல்லுவோம் (முகத் தசைகளை இயக்கும் நரம்பு வீங்கி, ஒரு பக்க முகம் செயலிழப்பது). பக்கவாதமா இருந்தா பெரும்பாலும் நெத்தி ரெண்டு பக்கமும் சுருங்கும். உங்களுக்கு எடது பக்கம் சுருங்கல, கை கால் நல்லா இருக்கு. சீக்கிரமா வந்தீங்க, நல்லது."

"எப்ப டாக்டர் சரியாவும்?"

"நெறைய பேருக்கு முழுசா சரியாயிடும். சிலருக்கு வாரக்கணக்கு, சிலருக்கு மாசக்கணக்கு. நரம்ப அவசரப்படுத்த முடியாதும்மா."

நெற்றியைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளாதீர்கள். வாய் கோணினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், பிரித்துச் சொல்வது டாக்டரின் வேலை. எனக்கு ஸ்டீராய்டு (வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) கொடுத்தார்கள். மூடாத கண் உலர்ந்து புண்ணாகாமல் இருக்கச் சொட்டு மருந்து, தூங்கும்போது இமையை மூடி ஒட்ட ஒரு டேப். பலூன் ஊது, சூயிங்கம் மெல்லு என்று ஊரே யோசனை சொன்னது. "முகத்த முரட்டுத்தனமா வேலை வாங்காதீங்க, கண்ணாடி முன்னாடி மெதுவா" என்றார் பிசியோதெரபிஸ்ட். விசிலுக்கும் தடை.

நான் இருபத்து நான்கு விநாடிக்குள் பந்தைக் கூடைக்கு எறிந்தாக வேண்டும் என்ற விதியில் வளர்ந்தவள். கண்ணாடி முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, அசையாத உதட்டை அசை என்று மனதுக்குள் கெஞ்சுவது எனக்குப் பெரிய தண்டனை. இடது கண் எந்நேரமும் ஒழுகியது. அழுகிறேனா, ஒழுகுகிறதா என்று எனக்கே தெரியாது. பெரும்பாலும் அழுதேன்.

பத்து நாள் கழித்து மாஸ்க்கும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு களத்துக்குப் போனேன். கும்மிடிப்பூண்டியில் நடக்கிற தொழிற்சாலை அணிகளின் போட்டிக்கு ஒரு மாதமே இருந்தது. முந்தைய இரண்டு முறையும் முதல் சுற்றிலேயே தோற்று வந்த அணி எங்களுடையது. இந்த முறையும் தோற்றால் அணியைக் கலைத்துவிடும் யோசனை நிர்வாகத்துக்கு இருந்தது. அணி இல்லையென்றால் கோச்சுக்கு என்ன வேலை?

"பாஸ்!" என்று கத்தினேன். உதடு ஒட்டாமல் வெறும் காற்று வந்தது. பந்து, பாஸ், பின்னால் போ, மறி, மூவ். ஒரு கோச்சுக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் உதட்டை மூடித்தான் ஆரம்பிக்கின்றன என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனிதவள அதிகாரி ஓரமாக வந்து நின்றார். நல்ல பிள்ளை, தன்மையாகவே பேசினார்.

"மேடம், நீங்க ரெஸ்ட் எடுங்க. டோர்னமென்ட்டுக்கு மட்டும் சென்னையிலேர்ந்து ஒரு கோச்சக் கூப்ட்டுக்கலாம்."

பதில் சொல்லப் போய், நாக்குப் புரண்டு ஏதாவது உளறிவிடுவேனோ என்று பயம். அவமானமாக இருந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

ரேவதி குறுக்கே வந்து நின்றாள். அணியில் பெரும்பாலோரைப் போல அவளும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்பவள். தகரத் தகடுகளை அச்சில் அடித்து வளைக்கிற இடம் அது. காதில் அடைப்பான் இல்லாமல் உள்ளே போக முடியாது.

"சார், நாங்க எட்டு மணி நேரம் ஒரு வார்த்த பேசாம வேல செய்றோம். யாராவது அச்சுல கைய வுட்டுக்கினாளா? எல்லாம் கைஜாடைதான். மேடத்துக்கு நாங்க கத்துக் குடுக்குறோம்."

"நடக்குமாம்மா?"

"மொத மேட்ச் பாருங்க சார். தோத்தா நீங்க யார வேணா கூட்டியாங்க."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். பையைக் கீழே வைத்தேன்.

உள்ளங்கையில் முஷ்டியைக் குத்தினால் மெஷினை நிறுத்து. விரலைச் சுழற்றினால் ஓடட்டும். இரண்டு கையைக் குறுக்காகப் போட்டால் இடம் மாறு. தோளில் இரண்டு விரலை வைத்தால், பின்னால் சூப்பர்வைசர் வருகிறார்.

"இது எதுக்குடி கூடைப்பந்துல?" என்று காற்றும் சொல்லுமாகக் கேட்டேன்.

"பின்னாடி யாரு வந்தாலும் சூப்பர்வைசர்தான் மேடம்" என்றாள்.

எனக்குப் பொறி தட்டியது. ஸ்கிரீன் (எதிரணிப் பெண் நமக்குத் தெரியாமல் பின்னால் வந்து சுவராக நின்று வழி மறிப்பது) போடுகிறார்கள் என்று கத்திக் கத்தியே என் தொண்டை போயிருக்கிறது. இனிமேல் அதற்கு இரண்டு விரல் போதும். அந்த மாதம் முழுக்க நான்தான் மாணவி. நான் கையை மாற்றிக் காட்டினால் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். முன்பெல்லாம் நான் கத்தும்போது அவர்கள் தரையைப் பார்ப்பார்கள். இப்போது ஓடிக்கொண்டே ஒரு கண்ணால் என்னையும் பார்க்கப் பழகினார்கள்.

முதல் ஆட்டம் ஜெயித்தோம். மனிதவள அதிகாரி எல்லாருக்கும் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார். அரையிறுதியும் ஜெயித்தோம்.

இறுதி ஆட்டம் தகரக் கூரை போட்ட உள்ளரங்கத்தில். எதிரணியின் ஆட்கள் பஸ் பஸ்ஸாக வந்து டிரம் அடித்தார்கள். கூரை அந்தச் சத்தத்தை இரண்டாக்கித் திருப்பியது. அவர்களுடைய கோச் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார், ஐந்தடி தூரத்தில் நின்ற அவருடைய ஆட்டக்காரிக்கே கேட்கவில்லை. அவரைப் பார்க்கப் பழைய என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. என் பெண்களுக்கோ அது பிரஸ் ஷாப்பில் இன்னொரு நாள், அவ்வளவுதான். நான் கையை அசைத்தேன், அவர்கள் இடம் மாறினார்கள்.

கடைசிப் பத்து விநாடி. ஒரு புள்ளி முன்னால் இருந்தோம், பந்து அவர்களிடம். ரேவதிக்குப் பின்னால் ஒரு நெட்டைப் பெண் சுவர்போல வந்து நிற்பதைப் பார்த்தேன். தோளில் இரண்டு விரலை வைத்தேன். ஓரக்கண்ணால் அதைக் கண்ட ரேவதி பின்னால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சூப்பர்வைசரைக் கண்டு நழுவுவது போல ஓர் அடி பக்கவாட்டில் நழுவி, வந்த பந்தைத் தட்டிப் பறித்தாள். மணி அடித்தது.

நான் கத்தினேன். சத்தமாக என்ன வந்ததோ தெரியாது. பெண்கள் என்னைத் தூக்க முயன்று முடியாமல் எல்லாரும் தரையில் விழுந்தோம். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னபோது மாஸ்க்கைக் கழற்றினேன். பாதி முகம் சிரிக்க, பாதி முகம் முறைக்க, கையில் கோப்பையோடு நிற்கும் அந்தப் படம் எங்கள் வீட்டு வாசலறையில் மாட்டியிருக்கிறது. என் ஆட்ட நாட்களின் படங்கள் எல்லாவற்றையும்விட அதுதான் எனக்குப் பிடித்தது. அணி கலையவில்லை, இப்போது இரண்டாவது அணிக்கும் ஆள் சேர்க்கிறோம்.

அடுத்த மாதம், பல் தேய்க்கும்போது கன்னத்தில் எறும்பு ஊர்வது போல ஒரு துடிப்பு. சில நாளில் உதட்டோரம் நூலிழையளவு அசைந்தது. குமரேசனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இப்ப ரெண்டு பக்கமும் மொறைக்கிற" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

இப்போது முகம் ஏறக்குறையத் திரும்பிவிட்டது. இடது கண் மட்டும் வலது கண்ணுக்குக் கொஞ்சம் பின்னால் மூடுகிறது. யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். முன்பு விநாடிகளை எண்ணி எண்ணிச் செலவழித்தவள், இப்போது அந்த இமைக்காக நிதானமாகக் காத்திருக்கிறேன். அது தன் நேரத்துக்கு வந்து சேர்கிறது.

டாக்டர் அனுமதித்த அன்று, பயிற்சி ஆட்டம் மும்முரமாக நடக்கும்போது, பழைய விசிலை எடுத்து முழு மூச்சோடு ஊதினேன். கணீரென்று சத்தம் வந்தது. கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

களத்தில் ஒருத்தியும் நிற்கவில்லை. பந்து கை மாறிக்கொண்டே இருந்தது. ரேவதி மட்டும் ஓடியபடியே என் பக்கம் பார்த்து, உள்ளங்கையில் முஷ்டியைக் குத்தி, நிறுத்தணுமா என்று ஜாடையில் கேட்டாள்.

விசிலை வாயிலிருந்து எடுத்தேன். விரலைச் சுழற்றிக் காட்டினேன், ஓடட்டும்.