ஆறாம் பக்கத்தில் கலையரசி

எங்கள் தெருவுக்குப் புதன்கிழமைதோறும் தடுப்பூசி போட வருகிற நர்ஸ் கலையரசியைப் பற்றி எவராவது இளப்பமாகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் குணசுந்தரி. ஆரணியில் நாற்பது வருஷமாகப் பட்டுத்தறியில் உட்கார்ந்திருப்பவள்.

கலையரசி சந்தவாசல்காரி. அம்மா கன்னியம்மாள் ஊரார் நிலத்தில் நாற்று நட்டுப் படிக்க வைத்தாள். புருஷனுக்குச் செய்யாரில் கம்பெனி வேலை. நாலு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்த புதிதில் எங்கள் தெருவே அவளை வாசலோடு நிறுத்தித்தான் பேசியது, நானும்தான். பிறகு ஒருநாள், ஏழு மாதமாயிருந்த என் மருமகளுக்குக் கால் வீங்கிப் போயிருந்தது. பிரஷர் பார்த்தவள், “ஜல்தியா கெளம்புங்க, வேலூர் போயிடலாம்” என்று ஆம்புலன்சை வரவழைத்துத் தானும் ஏறிக்கொண்டாள். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். அதற்கப்புறம் அவள் என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து காபி குடிக்கிற ஆள்.

போன வருஷம் அவள் ஊசி போட்ட மூன்றாம் நாள், எதிர்வீட்டு ராமதாசின் பேத்திக்கு வலிப்பு வந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது. ராமதாஸ் சென்னையில் நர்சுகளை விசாரிக்கிற ஆபீசுக்குப் புகார் எழுதினார். அதில் தப்பே இல்லை, குழந்தை என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? விசாரணை என்று வந்தபோது, “மூடி மறைக்கிற வேலையே வேணாம், அல்லாருக்கும் தெரியணும்” என்று கத்தியவளும் நான்தான். இன்றும் அதையேதான் சொல்வேன். கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்தால் எவன் நம்புவான்?

விசாரணைக் குழு கொடுத்த படிவத்தில், முன்பு ஏதாவது நோய் உண்டா என்று கேட்டிருந்தது. கலையரசி உள்ளதை எழுதினாள். ஆறு வருஷத்துக்கு முன், இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தூக்கம் போய், அழுகை நிற்காமல், மூன்று மாதம் வைத்தியம் பார்த்திருக்கிறாள். இப்போதும் தினம் ஒரு மாத்திரை. வேலை பார்க்கலாம் என்று டாக்டர் சர்டிபிகேட்டும் இருக்கிறது. அந்தப் பேச்சை மட்டும் தனியாகக் கேளுங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். அவர்களும் சரியென்று எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார்கள். கேட்டதையெல்லாம் தீர்ப்பில் எழுதினார்கள். நோயின் பெயர், மாத்திரையின் பெயர், ஒருநாள் கிணற்றடி வரைக்கும் போய்விட்டுத் திரும்பியது, எல்லாம். எழுதி இன்டர்நெட்டில் போட்டுத் தண்டோரா அடித்தாயிற்று.

ஊசியால் வலிப்பு வந்ததா, இல்லையா? அதுதானே கேள்வி? இல்லை, அவள்மேல் குற்றமில்லை என்று முடிவு சொன்னீர்களே, அதோடு நிறுத்தினால் உங்கள் நியாயம் குறைந்தா போய்விடும்? கிணற்றடிக் கதையை எவன் கேட்டான்?

அந்தத் தீர்ப்பைத் தெருவுக்குக் கொண்டுவந்தவள் நான். சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் பாவம். இங்கிலீஷில் ஒன்பது பக்கம். என் மகன் ஹேமநாத் செல்லில் இறக்கிக் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துச் சொன்னான். சேலை வாங்க வருகிறவர்கள் முந்தானையை மட்டும் விரித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்களே, அப்படி நானும் தலையாட்டினேன். சேலையின் உடலில் ஓரிழை அறுந்திருந்தாலும் கண்டுபிடிக்கிறவள், அன்றைக்கு அதை முழுக்க விரிக்கச் சொல்லவில்லை. “தெரு குரூப்புல போடுடா, பேசினவங்க வாய மூடட்டும்” என்றேன்.

ஆறாம் பக்கத்தை ராமதாசின் மருமகள் படித்தாள். சிவப்புக் கோடு போட்டு அதே குரூப்பில் திருப்பிப் போட்டாள். சாயங்காலத்துக்குள் நர்சம்மா என்ற பேர் போய் ‘அந்தப் பைத்தியம்’ ஆகிவிட்டது. குற்றமில்லை என்ற கடைசிப் பக்கத்தை ஒருத்தரும் பேசவில்லை. நரம்பில்லாத நாக்கு.

அடுத்த புதன்கிழமை அங்கன்வாடியில் பதினான்கு குழந்தைகளுக்கு ஊசி. ஒன்றுகூட வரவில்லை. இன்னொரு வாரம் இப்படியே போனால் அவளை வேறெங்காவது மாற்றிவிடுவதாக மேலே சொல்லிவிட்டார்களாம்.

அதற்கடுத்த புதன், ஒன்றரை வயதுப் பேரனைத் தூக்கிக்கொண்டு தெரு பார்க்க நடுரோட்டில் நடந்தேன். ஆம்புலன்சில் அவள் கூட்டிப் போய்க் காப்பாற்றிய அதே பிள்ளை. மருந்துப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கலையரசி தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“அந்தத் தீர்ப்ப குரூப்புல போடச் சொன்னது நான்தான் கலை” என்றேன்.

“தெரியும்மா. நல்லதுன்னு நெனச்சிகினுதான் போட்டீங்க.” பட்டியலில் பேரனின் பெயரைத் தேடி டிக் போட்டாள். “அல்லாரையும் வெளிய அனுப்பிட்டுக் கேட்டாங்கன்னுதான் கெணத்தப் பத்திச் சொன்னேன். எங்கம்மாவுக்கே தெரியாது அது. இப்ப சந்தவாசல் வரைக்கும் போயிடுச்சி.”

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டேன். அவள் மருந்தை ஊசியில் ஏற்றினாள்.

“என் கையப் பாக்காதீங்கம்மா” என்றாள். “கொழந்த காலப் புடிங்க.”

அவள் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. தெருவே பயந்த அந்தக் கை நடுங்குகிறதா என்றுதான் நான் அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நானும்தான்.