மூன்றாவது கம்பி

என் அக்காள் கணவருக்குக் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. முப்பது வருடமாக முள்ளை நம்பியே சம்பளம் வாங்கியவர். குழம்பில் உப்பு தூக்கல் என்றால் எத்தனை கிராம் என்று கேட்கிற ஆள். அவர் போய் ஒரு கிட்டார் டீச்சரைக் கட்டிக்கொண்டதை நாங்கள் கேலி செய்து மாளாது.

அக்கா காதாலேயே கம்பிகளைச் சுருதி சேர்த்துவிடுவாள். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. மிஞ்சியது ஒரே ஒரு சொல், "அது". தண்ணீருக்கும் அது, ஜன்னலுக்கும் அது. கிட்டாரோடு பாட வைத்தால் பேச்சு கொஞ்சம் திரும்பலாம் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள். அத்தான் அன்றைக்கே சுருதி பார்க்கிற ட்யூனர் ஒன்று வாங்கிவிட்டார். கிட்டாரின் தலையில் துணிக் கிளிப் போலக் கவ்விக்கொள்ளும். கம்பியைத் தட்டித் திருகினால் சிவப்பு போய்ப் பச்சை எரியும். அவருக்கு வேறென்ன வேண்டும்?

போன ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது கிட்டார் உறைக்குள் போய், வாசல் கதவோரம் சாய்ந்திருந்தது. அக்கா வேலை பார்த்த இசைப் பள்ளிக்கே மறுநாள் கொடுத்துவிடப் போகிறாராம். மூன்று வாரமாகத் தினமும் ஆறு கம்பிகளும் பச்சைக்கு வருகின்றன. மீட்டினால் மட்டும் அவள் "அது, அது" என்று கையை ஆட்டி அழுகிறாளாம்.

"அவளுக்கு அந்தச் சத்தமே ஆகலம்மா. நான்தான் போட்டு வதைக்கிறேன்."

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. அவள் உயிரையே வைத்திருந்த பொருளைத் தூக்கிக் கொடுக்க இவர் யார்? என் கண்முன் ஒரு தடவை செய்து காட்டச் சொன்னேன்.

கண்ணாடிகூடப் போடாமல் கீழ்க் கம்பியிலிருந்து தொடங்கினார். பச்சை. அடுத்ததும் பச்சை. மூன்றாவதன் திருகு தளர்ந்திருந்ததால் அந்தக் கம்பி தினமும் நன்றாக இறங்கிவிடும். முறுக்கினார். முதல் பச்சை வந்ததும் நிறுத்தினார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

நான் குனிந்து பார்த்தேன். பச்சைக்கு நடுவே பொடியாக எஃப் என்று சுரத்தின் எழுத்து இருந்தது. டப்பாவில் வந்த தாளில் அந்தக் கம்பிக்கு ஜி என்று போட்டிருந்தது. எந்தச் சுரத்தில் போய்ச் சரியாக நின்றாலும் அந்தக் கருவி பச்சை காட்டிவிடுமாம்.

"அத்தான், நீங்க வெளக்கத்தான் பாத்தீங்க. எழுத்தப் பாக்கல."

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, ஜி வரும்வரை திருகினார். மூன்று வாரம் அவளை அழவிட்டது அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கே பாவமாகிவிட்டது.

மீதிக் கம்பிகளும் முடிந்ததும் அக்கா நகர்ந்து வந்து, அவர் மடியிலிருந்த கிட்டாரில் இடது கை விரல்களை அழுத்தி வைத்தாள். அவர் கட்டைவிரலால் வருடினார். ஆறும் ஒன்றாக ஒலித்தன. மூவருமே சிரித்துவிட்டோம்.

பிறகு அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் வாயின்மேல் வைத்தாள்.

"அது" என்றாள்.

இதையும் சரிசெய்து கொடு என்கிறாள். அத்தான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல?